கூலிக்கு வாங்கும் நா

சமுதாயக் கூட்டங்களிலும், திருமண மண்டபங்களில் விருந்துக்குக் காத்திருக்கும் வேளைகளிலும், அண்மைக் காலமாக ஒரு குரல் ஓங்கி ஒலிக்கக் கேட்கிறோம். "ஊடகம் நம் கையில் இல்லை. அதனால்தான் நம்மைப் பற்றி எவரும் எதையும் எழுதிவிட்டுப் போக முடிகிறது. பெரிய வணிக நிறுவனங்கள் செய்வதைப் போல நாமும் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தைப் பணம் கொடுத்து அமர்த்திக்கொள்ள வேண்டும். நம்மைப் பற்றிய எண்ணத்தை அவர்கள் சீர்செய்து தருவார்கள்" என்பதே அந்தக் குரல். இவ்வாறு சொல்பவர்கள் வணிகத்தில் வெற்றி கண்ட அன்பர்கள். பட்டம் பெற்ற இளைஞர்கள். சமுதாயத்தின்பால் அக்கறை கொண்டவர்கள். அவர்களுடைய மனவேதனை உண்மையானது. அந்த வேதனையை நாம் மதிக்கிறோம். அவர்கள் எழுதித் தரும் மருந்துச் சீட்டைத்தான் மறுக்கிறோம்.

மறுப்பதற்கு முன்னர் அத்தொழிலின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது முறையாகும். அமெரிக்காவில் ஐவி லீ என்பவர் 1906-ஆம் ஆண்டில் பத்திரிகைகளுக்கு ஒரு கொள்கை அறிக்கை அனுப்பினார். தம் பணி ஒளிவுமறைவற்றது, எவர் பொருட்டுப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிட்டே பேசுவோம், கேட்பவர்க்கு விவரங்களைச் சரிபார்க்க உதவுவோம் என்பன அதன் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எட்டே ஆண்டுகள் சென்றன. 1914 ஏப்ரலில் கொலராடோ மாநிலத்து லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடாரங்கள் எரிந்தன. பதுங்கு குழிக்குள் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மாண்டனர். சுரங்க முதலாளியான ராக்பெல்லர் குடும்பம் அழைத்தது யாரை? அதே ஐவி லீயை. அவர் வெளியிட்ட துண்டறிக்கைகள் தொழிற்சங்கத் தலைவர்களின் ஊதியத்தைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டின. பின்னர் அது பொய்யென வெளிப்பட்டது. அறிக்கை எழுதிய கைதான் அந்தத் துண்டறிக்கைகளையும் எழுதிற்று. கூலி வாங்கிய நாவுக்குக் கொள்கை எவ்வளவு தூரம் துணை வரும் என்பதற்கு, இத்தொழிலின் தொட்டிலிலேயே சான்று கிடைத்துவிட்டது.

ஆயினும் நாம் நெடிது நின்று பார்க்க விரும்புவது வேறொரு நிகழ்ச்சியை. நம் இல்லங்களில் பலவற்றுக்கு அது அந்நியமானதன்று. 1990 ஆகஸ்ட் 2-ஆம் நாள் ஈராக்கின் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. அங்கே உழைத்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகளும் சகோதரர்களும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் பாலைவனம் கடந்து ஜோர்டான் நாட்டு அம்மானை அடைந்து, அங்கிருந்து விமானம் ஏறினார்கள். ஏறத்தாழ 1,70,000 இந்தியர் அவ்வாறு மீட்கப்பட்டனர். ஆகவே குவைத்துக்கு இழைக்கப்பட்டது கொடுமை என்பதில் நமக்கு ஐயம் இல்லை. ஒரு நாடு விழுங்கப்பட்டது. மக்கள் கொல்லப்பட்டனர். பிடித்துச் செல்லப்பட்ட 600-க்கும் மேற்பட்டோர் போர் முடிந்த பின்னும் வீடு திரும்பவில்லை. எண்ணெய்க் கிணறுகள் நூற்றுக்கணக்கில் கொளுத்தப்பட்டன. உண்மை இவ்வளவு வலுவாக ஒரு தரப்பில் நிற்பது அரிது.

அந்த உண்மை போதாதென்று எண்ணினார்கள். 'சுதந்திரக் குவைத்துக்கான குடிமக்கள்' என்ற பெயரில் அமெரிக்காவில் ஓர் அமைப்பு தோன்றியது. பெயரில் குடிமக்கள் இருந்தனர், பணப்பெட்டியில் இல்லை. அதற்கு வந்த சுமார் 1 கோடியே 20 இலட்சம் டாலரில் தனிமனிதர்கள் தந்தது 18,000 டாலர்கூட இல்லை. எஞ்சியதெல்லாம் குவைத் அரசின் கருவூலத்துப் பணம். அதில் பெரும்பகுதி ஹில் அண்ட் நோல்ட்டன் என்னும் மக்கள் தொடர்பு நிறுவனத்துக்குச் சென்றது. 1990 அக்டோபர் 10-ஆம் நாள், அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு ஒன்றின் முன்னே 15 வயதுச் சிறுமி ஒருத்தி வந்து அமர்ந்தாள். நயீரா என்ற முதற்பெயர் மட்டுமே சொல்லப்பட்டது; குவைத்தில் உள்ள குடும்பத்தாரின் பாதுகாப்புக்காக முழுப் பெயர் மறைக்கப்படுகிறது என்றார்கள். தான் மருத்துவமனையில் தொண்டு செய்ததாகவும், படைவீரர்கள் வந்து குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டர் பெட்டிகளிலிருந்து எடுத்துக் குளிர்ந்த தரையில் சாகக் கிடத்தியதைக் கண்டதாகவும் அவள் அழுதுகொண்டே கூறினாள்.

அந்தக் காட்சியை அந்நிறுவனமே படம் பிடித்தது. சுருக்கித் தொகுத்து, செய்தி போலவே அமைத்து, ஏறத்தாழ 700 தொலைக்காட்சி நிலையங்களுக்கு எட்டும் வழியில் அனுப்பிவைத்தது. அன்றிரவே அதன் பகுதிகள் அமெரிக்க வீடுகளில் ஒளிபரப்பாயின. அதிபர் புஷ் அக்கதையைத் தம் பேச்சுகளில் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்னெஸ்டி போன்ற பெயர்பெற்ற அமைப்பே 312 குழந்தைகள் என்று அறிக்கையில் எழுதியது. 1991 ஜனவரி 12-இல் போருக்கு அதிகாரம் அளிக்கும் தீர்மானம் செனட்டில் 52-க்கு 47 என்ற வாக்கில் நிறைவேறியது. எத்துணைச் சிறிய இடைவெளி! அதற்கு ஆதரவாகப் பேசிய செனட்டர்கள் சிலர் அந்தக் குழந்தைகளையும் சான்றாகக் காட்டினர்.

போர் முடிந்தது. 1991 ஏப்ரலில் அம்னெஸ்டி தன் கூற்றைத் திரும்பப் பெற்றது. 1992 ஜனவரியில் ஜான் மெக்ஆர்தர் என்ற எழுத்தாளர் நியூயார்க் டைம்ஸ் ஏட்டில் உண்மையை உடைத்தார்: அந்தச் சிறுமி, அமெரிக்காவில் குவைத்தின் தூதராக இருந்தவருடைய மகள்! அவள் சாட்சி சொன்ன குழுவோ காங்கிரஸின் முறையான குழு அன்று. ஆகவே அங்கே சத்தியப் பிரமாணம் இல்லை. பொய் சொன்னால் தண்டனையும் இல்லை. அந்தச் சிறுமியை நாம் குறை கூறவில்லை. ஒரு குழந்தையை அவ்விடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்த பெரியவர்களைக் கூறுகிறோம்.

இப்போது நம் அன்பர்களை ஒன்று கேட்கிறோம். பொய்யன் ஒருவன் பொய்யைக் கூலிக்கு வாங்கினால் அதில் வியப்பில்லை. மெய்யாகவே ஒடுக்கப்பட்டவன், தன் பக்கம் மலைபோல் மெய் இருக்கும்போது, பொய்ச் சாட்சியத்தைக் கூலிக்கு வாங்கினானே, அவனுக்கு என்ன கிடைத்தது? இன்று இத்தொழிலைப் பற்றிய எந்த நூலிலும் குவைத்தின் காணாமற்போன அறுநூற்றுச் சொச்சம் மக்களைப் பற்றி ஒரு வரி இராது. இன்குபேட்டர் கதை மட்டும் தவறாமல் இருக்கும். மெய்யான மரணங்களைப் பொய்யான மரணங்கள் விழுங்கிவிட்டன. பின்னாளில் வேறு எங்கேனும் குழந்தைகள் கொல்லப்பட்டதாகச் சேதி வரும்போதெல்லாம், "இதுவும் இன்குபேட்டர் கதைதானோ?" என்று கேட்க ஒரு கூட்டத்துக்கு வாய்ப்பளித்ததும் அதுவே. நமக்கும் குறைகள் உள்ளன, மெய்யான குறைகள். அவற்றை இந்தக் கடைக்கு எடுத்துச் செல்லவா சொல்கிறீர்கள்?

மதரஸாவில் ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இந்த விவகாரம் புதிதாகத் தோன்றாது. அதற்கு அங்கே ஒரு பெயரே உண்டு: தத்லீஸ். வணிகத்தில் சரக்கின் குறையை மறைத்து விற்பதையும் இச்சொல்லால்தான் குறிப்பர். இருட்டு என்னும் பொருளுடைய சொல்லோடு உறவுடையது என்பர் மொழியறிஞர். அறிவிப்பாளர் ஒருவர் தமக்கு மெய்யாகச் சொன்னவரை மறைத்துவிட்டு, அவருக்கும் மேலே இருப்பவரிடமிருந்தே தமக்கு வந்தது போல் தோன்றும்படி 'அன்', அதாவது 'இன்னாரிடமிருந்து' என்று பொதுப்படக் கூறி நகர்ந்துவிடுவது தத்லீஸ். அவர் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் நம்பத்தக்கவராகக்கூட இருக்கலாம். அஃமஷ் போன்ற பெருமக்களின் பெயர்களும் இவ்வரிசையில் பேசப்படுகின்றன. ஆயினும் அத்தகையவர் "நான் கேட்டேன்" என்று வெளிப்படையாகச் சொன்னாலன்றி அவருடைய அறிவிப்பை அப்படியே ஏற்பதில்லை என்று ஹதீஸ் கலை வல்லார் கண்டிப்புடன் விதித்தனர். சொல்லப்பட்ட செய்தி மெய்யா பொய்யா என்பது அடுத்த கேள்வி. யாரிடமிருந்து வந்தது என்பதை ஏன் மறைத்தாய் என்பதே முதற்கேள்வி.

மக்கள் தொடர்புத் தொழிலின் உயிர்நிலை இந்த மறைப்பில்தான் இருக்கிறது. தன் பெயரோடு வருவதற்கு விளம்பரம் என்று பெயர். வாசகர் அதை விலகி நின்று படிப்பார். பத்திரிகையின் பெயரோடு, நிருபரின் எழுத்தைப் போல வந்தால்தான் நம்புவார். ஆகவே விற்கப்படும் பொருள் எழுத்து அன்று; மறைப்பே விற்கப்படுகிறது. மறைப்புக்குத்தான் அந்த விலை.

இதற்குப் பத்திரிகைகள் எவ்வாறு இடம் கொடுக்கின்றன என்று வியப்பவர் உண்டு. செய்தி அறைகளில் ஆள் குறைந்துவிட்டது என்பதே விடை. விளம்பர வருவாய் இணையத்துக்குப் பெயர்ந்தது, நிருபர்கள் குறைக்கப்பட்டனர், எஞ்சியவர்கள் அச்சுக்கும் இணையத்துக்கும் காணொளிக்குமாக மூவர் வேலையை ஒருவரே செய்கின்றனர். பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் அந்நாட்டுத் தரமான நாளேடுகளை ஆராய்ந்து 2008-இல் தெரிவித்த கணக்கின்படி, 100 செய்திகளில் 60, முழுதுமாகவோ பெரும்பாலுமாகவோ செய்தி முகமைகளும் மக்கள் தொடர்பாளர்களும் தந்தவை. நிருபர்கள் தாமே திரட்டியவை என்று உறுதியாகச் சொல்லத்தக்கவை 12 மட்டுமே. அமெரிக்காவில் 2013-ஆம் ஆண்டுக் கணக்கில் நிருபர் ஒருவருக்கு மக்கள் தொடர்பாளர் ஏறத்தாழ 5 பேர். எழுத ஒருவர், எழுதித் தர ஐவர்!

நம் பக்கத்திலும் இதைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி நிலையத்தின் ஆண்டு விழாவுக்குச் சென்றிருந்தோம். சிறப்புரை ஆற்ற வேண்டியவர் இரயிலைத் தவறவிட்டு வராமலே போனார். மறுநாள் காலை ஏட்டில், அவர் ஆற்றிய உரையும், அது கேட்டு அவையோர் நெகிழ்ந்ததும் நான்கு பத்திகளுக்கு வந்திருந்தன! விழாக் குழுவினர் முதல் நாளே எழுதி அனுப்பிவைத்த குறிப்பு எழுத்துப் பிசகாமல் அச்சாகியிருந்தது. பாவம், அந்த உதவியாசிரியரை நோவானேன்? அவர் மேசையில் அன்று அதுபோல் எத்தனை குறிப்புகளோ.

இது சிரித்துவிட்டு மறக்கத்தக்க செய்தி. 2009-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத் தேர்தலில் நடந்தது அத்தகையதன்று. ஒரே புகழுரை, ஒரே சொற்களில், ஒன்றுக்கொன்று போட்டியான ஏடுகளில் வெவ்வேறு பெயர்களின் கீழ் வெளிவந்ததை பி. சாய்நாத் எடுத்துக்காட்டினார். பத்திரிகைக் கவுன்சில் துணைக்குழு அமைத்தது; அக்குழு விலைக்கு விற்ற செய்திகளைப் பற்றி விரிவான அறிக்கை தந்தது; கவுன்சிலோ 2010-இல் அதைச் சுருக்கி வெளியிட்டுவிட்டு முழு அறிக்கையை உள்ளே வைத்துக்கொண்டது. தகவல் ஆணையம் உத்தரவிட்ட பின்னரே அது வெளிவந்தது. செய்தியை விற்றவர்களின் பெயர்ப் பட்டியலையே செய்திக் காவலர்கள் மறைத்தார்கள் என்றால், அதை என்னவென்று சொல்வது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். சஹாரன்பூர் என்றதும் ஆலிம்களின் உள்ளத்தில் மளாஹிருல் உலூம் மதரஸாதான் தோன்றும். தென்னாப்பிரிக்க மக்களுக்கோ அவ்வூர், அங்கிருந்து வந்து அவர்கள் நாட்டின் அரசையே கைக்குள் போட்டுக்கொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட குப்தா சகோதரர்களின் ஊர். அக்குடும்பத்தின் நிறுவனம் 2016-இல் லண்டனின் பெல் பாட்டிஞ்சர் நிறுவனத்தை அமர்த்தியது. முதலாளிகளின் மேல் விழுந்த கண்களைத் திருப்ப, நிறவெறிக் காயம் ஆறாத அந்நாட்டில் மீண்டும் இனப்பகையைக் கிளறும் பிரசாரம் நடந்தது. 2017 செப்டம்பரில் பிரிட்டனின் மக்கள் தொடர்பாளர் சங்கமே அந்நிறுவனத்தை வெளியேற்றியது. அதே மாதத்தில் அது திவாலுக்குப் போயிற்று. அந்நிறுவனந்தான் அதற்கு முன்னர் ஈராக்கில் அமெரிக்கப் படைத்துறைக்காக 50 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் பிரசாரப் படங்கள் தயாரித்துத் தந்தது என்பது 2016-இல் வெளிவந்தது. நம்மவர் எவரிடம் போய் நமக்காகப் பேசச் சொல்லப்போகிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்கட்டும். இன்று நமக்குப் பேசுவார். நாளை கூடுதலாகக் கொடுப்பவர்க்குப் பேசுவார்.

"அப்படியானால் வாய்மூடி இருக்கச் சொல்கிறீரா?" என்று கேட்பார்கள். இல்லவே இல்லை. பேசத்தான் சொல்கிறோம், நம் வாயால், நம் பெயரால் பேசச் சொல்கிறோம். அத்தொழிலிலும் நன்மை விளைந்த இடங்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். 1982-இல் சிகாகோப் பகுதியில் டைலனால் மாத்திரைக் குப்பிகளில் எவனோ நஞ்சு கலந்து 7 பேர் இறந்தபோது, அந்நிறுவனம் சுமார் 3 கோடியே 10 இலட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது. மக்கள் தொடர்புப் பாடநூல்கள் இதைத் தம் தொழிலின் வெற்றியாகக் கொண்டாடுகின்றன. நமக்கோ அது செயலின் வெற்றியாகப் படுகிறது. குப்பிகளைக் கடைகளில் விட்டுவிட்டு எத்தனை அறிக்கை எழுதியிருந்தால் என்ன பயன்?

2020 மார்ச் மாதத்தை நம்மில் எவரும் மறக்கவில்லை. டில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடியிருந்தவர்களைக் காட்டி, நோய்த்தொற்றே ஒரு சமுதாயத்தின் சதி என்று அலைவரிசைகள் நாள்தோறும் முழங்கின. தள்ளுவண்டியில் காய்கறி விற்றவர்களைப் பெயர் கேட்டு விரட்டிய ஊர்களும் உண்டு. மக்கள் தொடர்பு நிறுவனம் வேண்டும் என்ற குரல் வலுத்ததும் அப்போதுதான். பின்னர் நடந்தது என்ன? 2020 ஆகஸ்ட் 21-ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டவர் 29 பேர் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்து, அவர்களுக்கு எதிராக அச்சு ஊடகத்திலும் மின்னணு ஊடகத்திலும் பெரும் பிரசாரம் நடந்ததெனவும், அவர்கள் பலிகடாக்களாக ஆக்கப்பட்டதாகத் தோன்றுகிறதெனவும் தீர்ப்பிலேயே பதிவு செய்தது. பெங்களூரைச் சேர்ந்த குடிமக்கள் குழு ஒன்று, எந்த அலைவரிசை, எந்த நாள், எந்த நிகழ்ச்சி, என்ன சொற்கள் என்று வரிசைப்படுத்தி, செய்தி ஒளிபரப்பாளர்களின் தர ஆணையத்திடம் முறையிட்டது. 2021 ஜூனில் அந்த ஆணையம் கன்னட அலைவரிசைகள் இரண்டுக்கு அபராதம் விதித்து, ஆங்கில அலைவரிசை ஒன்றைக் கண்டித்தது. அபராதத் தொகை சிறிது. ஒன்றுக்கு 1 இலட்சம், மற்றொன்றுக்கு அதில் பாதி. தாமதமும் மிகுதி. ஆயினும் அந்தப் பதிவை இனி எவராலும் அழிக்க முடியாது. அதைச் செய்தது நாள்குறிப்பும் பொறுமையும். அவற்றைச் சந்தாவுக்குத் தரும் நிறுவனம் எதுவும் இல்லை. அதே காலத்தில் நோயிலிருந்து மீண்ட ஜமாஅத்தினர் பிறர் உயிர்காக்க இரத்தநீர் வழங்கினர். தமிழகத்தில் முஸ்லிம் தொண்டர்கள், உற்றாரே நெருங்க அஞ்சிய உடல்களை, மதம் பாராது, அவரவர் முறைப்படி அடக்கம் செய்தனர். அதைக் கண்ட குடும்பங்களிடம் நம்மைப் பற்றி எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

விரைந்து பேசுவதற்கும் நல்ல முன்மாதிரி நம் மாநிலத்திலேயே உள்ளது. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. தமிழகக் காவல்துறைத் தலைவர் தம் முகத்தைக் காட்டி, தம் பெயரால் மறுத்தார். காவல்துறையின் விளக்கங்கள் இந்தியிலும் வெளியிடப்பட்டன. அஞ்சியவர் எந்த மொழியில் அஞ்சினாரோ அந்த மொழியிலேயே விடை சென்றது. பீகாரிலிருந்து வந்த குழு நேரில் பார்க்க வழிவிடப்பட்டது. பெயர், மொழி, நேர்காட்சி. இவை மூன்றுக்கும் ஒப்பந்தம் எதுவும் தேவைப்படவில்லை.

நம் நிலை என்ன? ஏதேனும் ஒரு சிக்கல் எழுந்து நிருபர் ஒருவர் பள்ளிவாசலுக்குத் தொலைபேசியில் கேட்டால், "தலைவர் ஊரில் இல்லை, செயலாளரைக் கேளுங்கள்" என்பார். செயலாளர், "அது பற்றி நான் சொல்லக்கூடாது" என்பார். மறுநாள் ஏட்டில் மறுதரப்பு மட்டும் வந்ததும் "பாருங்கள் ஊடகச் சதியை!" என்போம். சதியும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டோம். ஆனால் கேட்டபோது விடை தராதவர் சதியைப் பற்றிப் பேசுவதற்கு முன் சற்றே நிதானிக்க வேண்டாமா? அதே ஜமாஅத்து, ஓர் அரிசிப்பையைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு நிற்க, நடுவில் தலைகுனிந்து நிற்கும் ஏழைப் பெண்ணின் முகம் தெளிவாகத் தெரியும் வண்ணம் படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பத் தவறுவதில்லை. மக்கள் தொடர்பு என்பதை இந்த அளவில் நம்மவர் முன்பே கற்றுக்கொண்டுவிட்டார்கள் போலும்.

இல்லங்களில் உள்ள நிலையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1867-ஆம் ஆண்டுச் சட்டம் முதல், 2024 மார்ச்சில் அதற்கு மாற்றாக நடைமுறைக்கு வந்த சட்டம் வரை, வெளியிடுபவர் இன்னார், ஆசிரியர் இன்னார் என்று சொல்லாமல் இந்நாட்டில் பத்திரிகை நடத்த முடியாது. எந்த ஏட்டிலும் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அந்த வரி இருக்கும், எவரும் படிப்பதில்லை. சட்டம் கேட்கும் இஸ்னாது அது. 1882-இல் இலங்கையில் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' நடத்தியபோது, அவர் எழுத்தை மறுத்தவர்கள் யாரை மறுக்கிறோம் என்று அறிந்தே மறுத்தார்கள். இன்று நம் கைபேசிக்கு வாட்ஸ்அப் வழியே வந்து விழும் சேதிக்கு அத்தகைய வரி எங்கே? 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த 65 வயது மூதாட்டி ஒருவரை, பிள்ளை பிடிப்பவர் என்று எண்ணி ஊரார் அடித்தே கொன்றனர். அந்த வதந்தியை எழுதியவன் எவன் என்று கேட்டால் விடையில்லை. அனுப்பிவைத்தவர்களோ ஆயிரக்கணக்கில் இருந்திருப்பர். அவ்வாண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு சேதியை 5 பேருக்கு மேல் ஒருசேர அனுப்ப இயலாதபடி அந்நிறுவனம் தடுத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய சேதியை ஒரு நேரத்தில் ஒருவருக்கே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது. யாரென்றே தெரியாத அறிவிப்பாளரை 'மஜ்ஹூல்' என்று ஒதுக்கிய கலையை மதரஸாக்களில் நாம் இன்றும் ஓதிக்கொடுக்கிறோம். அதே மதரஸாவின் வாட்ஸ்அப் குழுவில் 'வந்ததை அப்படியே பகிர்கிறேன்' என்ற தலைப்போடு பெயரில்லாச் சேதிகள் பகலிரவாக ஓடுகின்றன. இதற்குப் பொறுப்பு எந்த அலைவரிசையின் மீதும் இல்லை.

நிறுவனத்தை அமர்த்தவென்று திரட்ட நினைக்கும் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று கேட்கும் அன்பர்க்கு நம் விடை இது. மாவட்டந்தோறும் இருவர் வீதம் ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகளை இதழியல் படிக்கவையுங்கள். படித்த பின் 'நம் பத்திரிகை'யில் மட்டும் வந்து எழுதச் சொல்லி அவர்களைக் கட்டிப்போடாதீர்கள். பொது ஏடுகளில் நிருபராகட்டும். சாலையையும் சந்தையையும் குடிநீரையும் பற்றி எழுதட்டும். நம்மைப் பற்றிப் புகழ்ந்து எழுதுவார்கள் என்று எதிர்பார்த்து அனுப்பினால், அதுவும் மலிவு விலையில் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனமே ஆகும். நம் தவற்றையும் அவர்கள் எழுதுவார்கள். எழுதும்போது அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சண்டையிடாதிருக்க நாம் பழகிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஜமாஅத்திலும், கேட்பவர்க்கு விடை சொல்லும் அதிகாரமுள்ள ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். தெரியாததைத் "தெரியாது, விசாரித்து மாலைக்குள் சொல்கிறேன்" என்று சொல்லவும், சொன்னபடி மாலையில் திரும்ப அழைக்கவும் தெரிந்தவராக அவர் இருக்கட்டும்.